வடகரப்பதி என்ற சொல்லைத் தட்டச்சிடுதல்: எல்லைப்புறத்தில் ஓர் இயங்குதள மாற்றத்தின் வரலாறு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது வடகரப்பதி. அந்த ஊர்ப்பெயரைத் தமிழ் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் தட்டச்சிட ஒன்பது விசைகளை அழுத்த வேண்டும்: வ, ட, க, ர, ப, புள்ளி, ப, த, இகரக் குறி. விசைப்பலகையை மலையாள இன்ஸ்கிரிப்டுக்கு மாற்றிவிட்டு அதே ஒன்பது விசைகளை அதே வரிசையில் அழுத்தினால், அதே ஊர்ப்பெயர் மலையாள எழுத்தில் திரையில் தோன்றும். விரல்கள் வேறோர் இடத்தைத் தேட வேண்டியதில்லை. கணினி சேமிக்கும் எண்களிலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது. ஒருங்குறி அட்டவணையில் தமிழ்க் ககரத்தின் எண்ணோடு 384ஐக் கூட்டினால் மலையாளக் ககரம் கிடைக்கும்; தமிழ் வகரத்தோடு 384ஐக் கூட்டினால் மலையாள வகரம்; ழகரத்துக்கும் அதே கணக்கு.

எல்லையைக் கடந்து கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் சென்றால் காட்சி மாறிவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர் இதே சொல்லை எட்டு விசைகளில் முடித்துவிடுவார்; ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும் என்பது அதன் சிறப்பு. ஆனால் இன்ஸ்கிரிப்டில் ‘கே’ விசையில் இருக்கும் ககரம் தமிழ்99இல் ‘எச்’ விசைக்கு இடம்பெயர்ந்திருக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவரின் கோப்பிலோ வடகரப்பதி என்ற சொல்லே இருக்காது. டி, எல், எஃப், யூ, ஜி, அரைப்புள்ளி, ஜி, ஜே, பி என்ற ஆங்கில எழுத்துக் குவியலே அங்குச் சேமிக்கப்பட்டிருக்கும். பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது ஊர்ப்பெயராகத் தெரியும். நிறுவப்படாத கணினியில் பொருளற்ற குவியலாகவே கிடக்கும்.

எந்த மடிக்கணினியை வாங்குவது, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாறலாமா என்ற கேள்விகள் விலை, நினைவகம், மின்கலத்தின் ஆயுள் ஆகியவற்றைக் கொண்டே பொதுவாக விவாதிக்கப்படுகின்றன. தமிழில் எழுதுவோர்க்கு இக்கேள்விக்கு வேறொரு வரலாறு உண்டு. இரண்டு மாநிலங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தம் மாணவர்களுக்கு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தன. இரண்டும் வெவ்வேறு வழியில் சென்றன. அவ்விரு வழிகளும் சந்திக்கும் இடங்களுள் வடகரப்பதியும் கொழிஞ்சாம்பாறையும் ஒழலப்பதியும் வேலந்தாவளமும் அடங்கும்.

கேரளத்தின் கதை 2001இல் தொடங்குகிறது. பள்ளிக் கல்வித் துறையின் கீழ் ஐடி@ஸ்கூல் என்ற திட்டம் அவ்வாண்டில் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்கு வந்திருந்தார். ஒரே மாநிலத்தில் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டுக்கும் அப்போது நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. பள்ளித் திட்டத்தின் தொடக்ககாலப் பாடநூலும் பயிற்சியும் மைக்ரோசாஃப்டின் மென்பொருள்களை மையமாகக் கொண்டவையே. மாணவர் கற்க வேண்டியது கணினியையா, ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளையா என்ற வினாவை எழுப்பியவர்களுள் கேரள மாநிலப் பள்ளி ஆசிரியர் சங்கத்தினர் முக்கியமானவர்கள். தொழில்நுட்பக் கொள்கை பற்றிய இந்த எதிர்ப்பு பொறியாளர்களிடமிருந்து வராமல் வகுப்பறையில் நிற்பவர்களிடமிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. முதலில் பாடநூலில் லினக்ஸுக்கும் இடம் கிடைத்தது. பின்னர் ஆசிரியர் பயிற்சி முழுவதும் அதற்கு மாறியது. 2006இல் வி. எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான அரசு பொறுப்பேற்றதும் ஸ்டால்மன் அவரைச் சந்தித்ததும் செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெற்றன. ஆயினும் அதற்கான நிலம் அதற்கு முன்பே ஆசிரியர் அறைகளில் உழப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கலாயிற்று.

தேர்வு மாறியதுதான் தீர்க்கமான நிகழ்வு. பள்ளியில் எத்தனை இயங்குதளம் இருந்தாலும் மாணவர் பழகுவது தேர்வு நடக்கும் தளத்தைத்தான். முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு, பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத் தொகுப்பை இத்திட்டம் வெளியிட்டுவந்தது. பாடநூலில் வரும் வரைகலை, நிலப்படம், வடிவியல், ஒலித்தொகுப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் அத்தொகுப்பிலேயே சேர்த்துத் தரப்பட்டன. 2017 ஆகஸ்டில் இத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. 2018 தொடக்கத்தில் 45,000 வகுப்பறைகளை மடிக்கணினியும் ஒளிப்பட வீழ்த்தியும் கொண்டவையாக மாற்றும் பணி தொடங்கிற்று. அந்த மடிக்கணினிகளிலும் இதே இயங்குதளம்தான்.

இங்கு ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு வெளியானபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது நிறுவப்படுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அறிவிக்கப்பட்டது. கணினி ஒன்றுக்கு உரிமக் கட்டணம் 1.5 லட்சம் ரூபாய் எனக் கொண்டால் இந்தக் கணக்குச் சரியாக வரும். ஆனால் இயங்குதளத்தோடு நிகரான அத்தனை வணிக மென்பொருள்களையும் பட்டியல் விலையிலேயே வாங்கியிருந்தால் என்ற கற்பனையின் மேல் நிற்கும் கணக்கு அது. எந்தக் கல்வித் துறையும் பட்டியல் விலையில் வாங்குவதில்லை. கேரளத்தின் தேர்வை நியாயப்படுத்த அந்த எண் தேவையும் இல்லை. இருபது ஆண்டுகளாக ஒரே பாடத்திட்டம் ஒரே தளத்தில் தொடர்ந்து நடந்திருக்கிறது என்பதே போதுமான சான்று.

அத்தகைய தொடர்ச்சி எளிதில் அமைவதன்று. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. பத்து ஆண்டுகள் உழைத்து 2013இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017 நவம்பரில் மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவதென மன்றம் வாக்களித்தது. அரசியல் காரணங்கள் பல சொல்லப்பட்டன. அவற்றினும் ஆழமான ஒரு வேறுபாடு உண்டு. மாநகராட்சியிடம் பல்லாண்டுக் கோப்புகளும் படிவங்களும் குறுநிரல்களும் இருந்தன. வெளியுலகத்தோடு நாள்தோறும் பரிமாறிக்கொள்ளும் ஆவணங்களும் இருந்தன. எட்டாம் வகுப்பு மாணவரிடம் பழைய கோப்பு ஒன்றுகூட இல்லை. சுமக்க மூட்டை இல்லாதவர் வீடு மாறுவது எளிது. கேரளம் தன் தள மாற்றத்தை அலுவலகங்களில் தொடங்காமல் வகுப்பறையில் தொடங்கியதே அது நிலைத்ததன் முதன்மைக் காரணம் எனலாம்.

தமிழ்நாட்டின் கதையில் மூட்டை முன்பே இருந்தது.

1990களில் தமிழ்க் கணிமை எல்லோருக்கும் முன்னே ஓடியது என்பது வெறும் பெருமைப் பேச்சன்று. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985இலேயே மலேசியாவில் பிறந்துவிட்டது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டின் விளைவாகவே தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்நாடு அரசு அவ்வாண்டே தரமாக அறிவித்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. ஆனால் முன்னே ஓடியவர் தமக்கான பாதையைத் தாமே வெட்டிக்கொள்ள நேர்ந்தது. ஒருங்குறி நடைமுறைக்கு வருமுன் தமிழில் அச்சிட்டாக வேண்டியிருந்தது. இதழ் நடத்தியாக வேண்டியிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துருக்கள் அத்தேவையை நிறைவு செய்தன. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் ஔவையார் என அவை பெருகின. வானவில் ஔவையார் அரசு அலுவலகங்களில் பரவிற்று. பாமினி ஈழத்தமிழர் வழியாக உலகெங்கும் சென்றது. பழைய தட்டச்சுப்பொறியில் பயின்ற விரல்களுக்கு இவற்றின் விசையமைப்பு பழக்கமானதாகவும் இருந்தது.

விண்டோஸ் 2000இலேயே ஒருங்குறித் தமிழும் லதா எழுத்துருவும் வந்துவிட்டன. ஆயினும் விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, நிறுவல் வட்டைச் செருகிச் சிக்கலெழுத்து மொழிகளுக்கான கோப்புகளைத் தனியே ஏற்ற வேண்டியிருந்தது. வட்டு எங்கே என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. அச்சகங்களின் உயிராக இருந்த பேஜ்மேக்கரோ கடைசிவரை ஒருங்குறித் தமிழை ஏற்கவே இல்லை. அதன் வாரிசான இன்டிசைன் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு தந்தது 2012இல்தான். எனவே 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழில் அச்சான பெரும்பாலானவை, ஆய்வேடுகள் உட்பட, எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாத கோப்புகளாகவே உருவாயின. தட்டச்சு நிலையத்தின் கணினியும் அதன் விண்டோஸும் அதிலிருந்த எழுத்துருவும் பிரிக்க முடியாத ஒரே பொருளாயின. ‘தளம் மாறுதல்’ என்ற சொல் தமிழாய்வாளருக்கு ஏற்படுத்தும் அச்சத்தின் வேர் இங்கிருக்கிறது.

கட்டற்ற மென்பொருளைத் தமிழ்நாடு அறியாமல் இருக்கவில்லை. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாறியது. அதற்கும் முன்பே மேல்நிலைக் கணிப்பொறி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆஃபிஸைக் கற்பித்துக்கொண்டிருந்தது. அக்காலத்தில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஸ்டார் ஆஃபிஸ் ரைட்டர் என்ற பெயரே ஒரு புன்னகையை வரவழைக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கிய பின் அந்த மென்பொருள் மறைந்துபோயிற்று. பாடநூலில் மட்டும் புதிய பாடத்திட்டம் வரும்வரை அது உயிரோடிருந்தது. கேள்விக்கு விடையாக மனப்பாடம் செய்த பட்டியல்களிலேயே பல மாணவர்கள் அதைச் சந்தித்தனர். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இந்த ஒரு பாடம் காட்டிவிடும். அங்கே தேர்வு கணினியின் முன் நடந்தது. இங்கே அது பெரிதும் தாளில் எழுதப்பட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கேரளம் கணினியைப் பள்ளிக்குக் கொடுத்தது; தமிழ்நாடு மாணவரின் கையில் கொடுத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட தலைமுறைக்கு இரண்டாவதன் மதிப்பு எத்தகையதென்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனிலிருந்து உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழ் இடைமுகமும் அதில் உண்டு. கணினியைத் திறக்கும்போது எதில் நுழைவது என்று திரை கேட்கும். ஆனால் பாடத்திலும் தேர்விலும் ஆசிரியர் பயிற்சியிலும் இடம்பெறாத இரண்டாவது வாசல் எவ்வளவு நல்ல வாசலாக இருந்தென்ன? எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8 அன்று நின்றபோது பாஸுக்கு மாறுமாறு அரசுத் துறைகள் அறிவுறுத்தப்பட்டன. துறைகளிடமோ வானவில் ஔவையாரில் எழுதப்பட்ட கோப்புகள் மலைபோல் இருந்தன. மியூனிக்கின் மூட்டைதான் இதுவும், எழுத்து மட்டும் வேறு.

இனி எல்லைக்குத் திரும்பலாம். சித்தூர் வட்டம் கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. அதைச் சூழ்ந்த பாலக்காட்டுப் பகுதியோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளமாயின. கரிசல் மண்ணும் மழைமறைவும் கொண்ட இந்தக் கிழக்குப் பகுதியின் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினராயினர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை அளித்தது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இந்த உரிமை உண்டு. தமிழ்வழிப் பள்ளிகள் தொடர்ந்தன. கேரளத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் அச்சாகிறது.

இதன் விளைவு விந்தையானது. தமிழ்நாட்டு மாணவர்களுள் பெரும்பாலோர்க்குக் கிடைக்காத ஒன்று, மாநில எல்லைக்கு வெளியே வாழும் தமிழ் மாணவருக்கு முன்கூட்டியே கிடைத்தது. பள்ளிக் கணினியில் ஒருங்குறித் தமிழில் மட்டுமே எழுதுவது அவர்களுக்கு இயல்பான நிலை. அந்த லினக்ஸில் பாமினி இல்லை. அதைத் தேடவும் காரணம் இல்லை. சிவப்புத் தொப்பிச் சின்னம் கொண்ட ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் வெளியான லோகித் தமிழ் எழுத்துருவும், பரணர், காதம்பரி, கல்யாணி, மதுரம் எனப் பெயர்கொண்ட கட்டற்ற எழுத்துருக்களும் லினக்ஸ் வழங்கல்களோடு வருபவை. மலையாளக் கணிமைக்காக 2002 முதல் இயங்கிவரும் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு, தன் மீரா எழுத்துருவின் வழியில் மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையும் வடித்து வெளியிட்டது. அண்டை மொழியின் தன்னார்வலர்கள் தமிழுக்கு எழுத்துச் செதுக்கித் தந்த இந்தச் செய்தி தமிழ்க் கணிமை வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

விசைப்பலகை பற்றிய பழைய பூசலும் இங்கிருந்து பார்க்கையில் வேறாகத் தெரிகிறது. இஸ்கி என்ற இந்தியக் குறியாக்கத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டியே ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நாகரி முதலிய எழுத்துமுறைகளின் வரிசையைத் தமிழுக்கும் அப்படியே விரித்ததால் வர்க்க எழுத்துகளின் இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அகரம் ஏறியவை தவிர்த்த உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறியெண்கள் செலவாகின்றன. தமிழின் இலக்கண இயல்பு புறக்கணிக்கப்பட்டது என்று தமிழ்நாட்டு அறிஞர்கள் வாதிட்டதில் நியாயம் உண்டு. எல்லா உயிர்மெய்களுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியாக்கம் அந்த வாதத்தின் விளைவு. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியோடு அதனையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. தமிழ்99 விசைப்பலகையும் இதே உணர்விலிருந்து பிறந்ததே: இடக்கையில் உயிர், வலக்கையில் மெய், இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய். தொல்காப்பியம் படித்தவருக்கு அதன் அழகு விளக்கம் தேவைப்படாதது.

ஆனால் காலையில் மலையாளப் பாடமும் பிற்பகலில் தமிழ்ப் பாடமும் எழுதும் ஒரு வகுப்பறையில், குறை எனச் சுட்டப்பட்ட அந்தப் பொது வரிசையே வசதியாகிவிடுகிறது. தமிழ் ழகரத்துக்கும் மலையாள ழகரத்துக்கும் இன்ஸ்கிரிப்டில் ஒரே விசை; ரகர றகரங்களும் லகர ளகரங்களும் அவ்வாறே. கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, கோழிப்பாறை எனச் சுற்றுப்புற ஊர்ப்பெயர்களிலெல்லாம் ழகரம் ஒலிக்கும் நாட்டில் இரு மொழிகளின் சிறப்பெழுத்தும் ஒரே விரலின் கீழ் அமர்ந்திருக்கிறது. ஒற்றை மொழிக்காரருக்குத் தமிழ்99 சிறந்தது, இருமொழியாளருக்கு இன்ஸ்கிரிப்ட் சிறந்தது என்று பிரித்துச் சொன்னால் இரு தரப்பினரும் சினப்பர்; உண்மை அதற்கு அருகில்தான் இருக்கிறது.

சிக்கல் பள்ளிக்குப் பின் தொடங்குகிறது. தமிழ் படிக்க விரும்பும் மாணவர் சித்தூர் அரசுக் கல்லூரிக்குச் செல்லலாம், கோயம்புத்தூருக்கும் செல்லலாம். எங்கே சென்றாலும் தமிழ் ஆய்வுலகத்தின் அச்சுப்பணி தமிழ்நாட்டின் தட்டச்சு நிலையங்களைச் சார்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் லினக்ஸில் ஒருங்குறியில் எழுதியவர் கருத்தரங்கக் கட்டுரையை அனுப்பினால், பாமினியில் அனுப்புங்கள் என்ற மறுமொழி வந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. புதியதிலிருந்து பழையதற்கு மாறும்படி கேட்கப்படும் தலைமுறை அது. கணினி கற்றவர்கள் விண்டோஸுக்கு மாற நேர்ந்ததன் காரணம் விண்டோஸின் சிறப்பில் இல்லை. மறுமுனையில் அமர்ந்திருந்த எழுத்துருவில் இருந்தது.

2020 ஜூனில் கேரளப் பள்ளிகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியின் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளுக்கு மாறியபோது மடிக்கணினி பள்ளியின் உடைமை என்ற நிலையும் குலைந்தது. கே.எஸ்.எஃப்.இ.யும் குடும்பஸ்ரீயும் இணைந்து வித்யாஸ்ரீ என்ற தவணைத் திட்டத்தைக் கொண்டுவந்தன: மாதம் 500 ரூபாய், 30 மாதங்கள். அதற்கு வெளியே வாங்கியவர்கள் கடையைத் தேடினர். வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூர்க் கடைகளுக்குச் செல்வதும் பாலக்காட்டுக் கடைகளுக்குச் செல்வதும் பெரிய வேறுபாடில்லாத பயணங்கள். இரண்டு ஊர்களிலும் கடைக்காரர் காட்டும் கணினி விண்டோஸோடுதான் வரும். இயங்குதளம் ஏற்றப்படாத கணினி விலையில் குறைவு என்பதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர், பள்ளியில் லினக்ஸ் பழகிய மாணவரே.

இப்போது இன்னொரு நாள்காட்டி குறுக்கிட்டிருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், இன்டெல் சில்லாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எனவே 2017க்கு முன் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் எவற்றுக்கும் அதற்குள் முறையான நுழைவு கிடையாது. அவற்றுள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் திட நிலை வட்டு ஒன்றையும் எடைகுறைந்த லினக்ஸ் வழங்கல் ஒன்றையும் பொருத்தினால் கட்டுரை எழுதவும் நூல் படிக்கவும் சில ஆண்டுகள் உழைக்கும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரும் நுழையாத அந்த இரண்டாவது வாசல் இப்போது ஒரே வாசலாகியிருப்பது வரலாற்றின் சிறு குறும்பு.

தளம் மாறும் ஆய்வாளருக்கு விசைப்பலகை இன்று தடையாக இல்லை. ஒரு காலத்தில் இ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் இல்லாமல் தமிழில் எழுத முடியாதிருந்தது. இரண்டும் விண்டோஸைச் சார்ந்து வளர்ந்தவை. இன்று லினக்ஸின் ஐபஸில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல், தட்டச்சுப்பொறி என எல்லா அமைப்புகளும் உள்ளன. மேக்கில் அஞ்சலும் தமிழ்99உம் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி எழுத்துருவும் வாங்கும்போதே இருக்கின்றன. விசை மாறாமல் தளத்தை மாற்றலாம். தளம் மாறாமல் விசையையும் மாற்றலாம்.

கோப்புகளின் நிலை வேறு. எல்லைத் தமிழின் ஒலியமைப்பை ஆராய்ந்த ஒரு பழைய ஆய்வேட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். 2000க்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் அத்தகையவை பல எழுதப்பட்டன. அதில் தமிழ்ச் சொற்கள் பாமினியில் இருக்கும். ஒப்பிட்ட மலையாளச் சொற்கள் எம்.எல்.-டிடி கார்த்திகாவில் இருக்கும். ஒலிபெயர்ப்புக் குறிகள் எஸ்.ஐ.எல். அமைப்பின் பழைய எண்பிட்டு எழுத்துருவில் இருக்கும். விளக்கம் ஆங்கிலத்தில் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும். தாளில் அச்சிட்டால் நான்கும் தத்தம் வடிவில் தெளிவாகத் தெரியும். கோப்பின் உள்ளே நான்கும் ஒரே ஆங்கில எழுத்துகளே. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் நிரலிடம் வெற்று உரையாகக் கொடுத்தால் ஆங்கில விளக்கங்களையும் அது தமிழாக்கிவிடும். ழகரத்துக்கான ஒலிக்குறியையும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாக்கிவிடும். மலையாளச் சொல்லும் தப்பாது. எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற செய்தி வேர்டு கோப்பின் வடிவமைப்பில் மட்டுமே உள்ளது. அதை வெற்று உரையாகச் சேமித்த கணத்தில் அந்தச் செய்தி அழிந்துவிடும். ஆகவே பழைய கணினியும் அதிலுள்ள நான்கு எழுத்துருக்களும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வோர் எழுத்துருப் பகுதியையும் தனித்தனியே தேர்ந்து மாற்றி, அச்சுப்படியோடு சொல் சொல்லாக ஒப்பிட்டு முடிக்க வேண்டும். முந்நூறு பக்க ஆய்வேட்டுக்கு இது சில வாரங்களின் வேலை. புதிய மடிக்கணினி வாங்குவது அதற்குப் பிறகு.